திருகோணமலைப் பாதையின் சிறிய ஸ்டேசன்களுக்கு மரபுப் பெறுமதி உண்டா?

கேள்வி இது: கல்லோயாச் சந்தியிலிருந்து திருகோணமலை வரும் புகையிரதப் பாதை நூறு வயதைத் தொடப்போகிறது. வழியிலுள்ள ஸ்டேசன்கள் சின்னவை. மணிக்கூண்டோ அலங்கார வளைவோ இல்லை. இவற்றையும் மரபுச் சொத்து என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால் எதை, எப்படிக் காப்பது?

சொல்லலாம். ஆனால் முகப்பின் அழகை வைத்து வாதாடப் போனால் தோற்றுப்போவோம். இந்தப் பாதையின் பெறுமதி ஒரு தனிக் கட்டடத்தில் இல்லை. மேடை, பண்டசாலை, தண்ணீர்த் தாங்கி, கைகாட்டி, மதகு, ஊழியர் குடியிருப்பு எல்லாம் சேர்ந்து ஒரே வேலைக்காக அமைந்த தொகுதியாக நிற்பதில்தான் அது இருக்கிறது. முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இடித்துவிட்டால் மிஞ்சுவது பழைய சுவர் மட்டுமே.

வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இலங்கையின் முதல் பாதை கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை; அதில் முதல் ரயில் 1864 டிசம்பர் 27-இல் ஓடியது. வடக்குப் பாதை 1905-இல் காங்கேசன்துறை வரை முழுமையடைந்தது. கிழக்கு மிகவும் பிந்தி, 1927–28 காலப்பகுதியில்தான் பாதையைக் கண்டது. அன்று இதை மட்டக்களப்பு–திருகோணமலை இலகு இருப்புப்பாதை என்றே அழைத்தார்கள். தண்டவாள இடைவெளி மற்றப் பாதைகளைப் போல 5 அடி 6 அங்குலம்தான், அதாவது 1676 மி.மீ. மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம். அக்போபுர, கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாக வரும் இந்தப் பாதையில் கண்டி, கொழும்புக் கோட்டை போன்ற நிலையங்களை எதிர்பார்க்கக்கூடாது. குறைந்த பணத்தில் உலர்வலயக் காட்டையும் குளத்து வயல்களையும் கடந்து ஒரு துறைமுகத்தை அடைவது எப்படி என்ற கேள்விக்குப் பொறியியலாளர் கொடுத்த விடை இது. அந்த எளிமைதான் இங்கே வரலாற்றுச் சான்று. அதை அழகில்லை என்று தள்ளுகிறவர் சான்றையே தள்ளுகிறார்.

துறைமுகத்தை விட்டுவிட்டு இந்தப் பாதையைப் பேச முடியாது. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கியது இந்தத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும்தான். கடற்படைத் தளமும் விமானத் தளமும் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது 1957-இல். பிறகு கந்தளாய்ச் சீனி ஆலை, சீனன்குடா மா ஆலை என்று பாதையின் பாரம் மாறிக்கொண்டே போனது. சீனன்குடா ஸ்டேசனின் பக்கப்பாதைகளையும் பண்டசாலைப் பக்கத்தையும் இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் ஒரு சிறிய நிலையத்துக்கு அவ்வளவு இடம் ஏன் ஒதுக்கப்பட்டது என்பது புரியும்.

மரபு பாதுகாப்பில் உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோல்களும் இதே பக்கம்தான் நிற்கின்றன. அவுஸ்திரேலியாவின் பர்ரா சாசனம் ஓர் இடத்தின் பெறுமதியை அழகு, வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என ஐந்து கோணங்களில் பார்க்கச் சொல்கிறது. கைத்தொழில் மரபுக்கான 2011-இன் டப்ளின் கோட்பாடுகள் கட்டடத்தோடு இயந்திரம், நிலம், வேலை செய்யும் முறை, தொழிலாளரின் நினைவு எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்கின்றன. யுனெஸ்கோ பட்டியலில் டார்ஜிலிங் 1999-இலும் நீலகிரி 2005-இலும் கல்கா–சிம்லா 2008-இலும் சேர்ந்தபோது, தனியொரு ஸ்டேசனாக அல்ல, பாதையாகவே சேர்ந்தன. எங்கள் பாதை அந்தப் பட்டியலுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பார்க்கும் முறை அதுவாக இருக்க வேண்டும் என்கிறேன்.

அப்படிப் பார்க்கத் தொடங்கினால் முதலில் கண்ணில் பட வேண்டியவை கண்ணில் படாத பொருட்கள்தான். மேடை ஓரக் கருங்கல், பழைய தண்டவாளத்தை வெட்டி நட்ட கூரைத் தூண், மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு, டிக்கட் அடுக்கும் மரப்பெட்டி, திகதி குத்தும் அச்சு, பொதி நிறுக்கும் தராசு, மும்மொழிப் பெயர்ப்பலகை, மைல் கல், கடவைக் காவலாளியின் சிறு வீடு, பாதை திருத்துவோரின் லயன். தண்ணீர்த் தாங்கி இருந்தால் அது 4 அடிச் சதுர இரும்புத் தகடுகளை ஆணி முடுக்கிப் பூட்டியதா என்று பாருங்கள். நீராவிக் காலத்தில் இந்த முறை மிகவும் பரவியிருந்தது. தகடுகளைக் கழற்றி வேறிடத்தில் பூட்டலாம் என்பதுதான் அதன் வசதி. இலங்கையில் டீசல் எஞ்சின்கள் 1953-இலிருந்து வரத் தொடங்கின. அதன்பின் தாங்கிகளுக்கு வேலை குறைந்தது, கவனிப்பும் குறைந்தது. பழைய இரும்புக்காரர் முதலில் விலை கேட்பதும் இதற்குத்தான்.

சமிக்ஞைப் பொருட்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் வராமல் தடுக்க இலங்கையில் நெடுங்காலமாகப் பயன்பட்டது டயர் டேப்ளட் கருவி. 1874-இல் இங்கிலாந்தின் நோரிச் அருகே தோர்ப்பில் நடந்த நேர்மோதலுக்குப் பிறகு எட்வர்ட் டயர் 1878-இல் காப்புரிமை பெற்றது இது. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேசன்களில் ஒவ்வொரு கருவி, நடுவே மின்கம்பி. ஒரு பக்கத்தில் வட்டத் தகடு ஒன்றை வெளியே எடுத்தால் இரண்டு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகடு இரண்டில் ஒரு கருவிக்குள் திரும்பப் போகும்வரை அடுத்ததை எடுக்க முடியாது. தகட்டில் அந்தப் பகுதியின் இரு ஸ்டேசன் பெயர்களும் பொறித்திருக்கும். தோல் பையில் போட்டுப் பெரிய வளையத்தில் கட்டி சாரதியிடம் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் ரயில் அந்தப் பகுதிக்குள் நுழையக்கூடாது.

இதைக் காக்கும்போது நடக்கும் பெரிய பிழை, சோடியைப் பிரிப்பது. ஒரு கருவியை ஒரு காட்சிக்கூடத்துக்கும் மற்றதை இன்னோர் அலுவலகத்துக்கும் கொண்டுபோனால் இரண்டுமே அழகுப் பெட்டிகள் ஆகிவிடும். கலர் லைட் சமிக்ஞை வந்து கருவிகள் ஓய்வு பெறும் நாளில், ஒரு பகுதியின் இரண்டு கருவிகளையும், அந்தப் பகுதிப் பெயர் பொறித்த தகடுகள் எல்லாவற்றையும், வளையத்தையும், ஸ்டேசன்கள் ஒன்றுக்கொன்று மணியடித்துச் சொல்லும் குறிப்புகளின் அட்டவணையையும் ஒரே தொகுதியாக எழுதிப் பதிய வேண்டும். தகடுகளை எண்ணி இரண்டு பேர் கையொப்பமிடுவது நல்லது. பித்தளைத் தகடு சட்டைப்பைக்குள் அடங்கும். களவு போவதும் அதனால்தான்.

கைகாட்டி மரத்தில் இரண்டு நுட்பங்கள். கை கிடையாக நின்றால் நில். இங்கே வழக்கமான வகையில் 45 பாகை கீழே சாய்ந்தால் போ. அதை இழுக்கும் கம்பி நூற்றுக்கணக்கான யார் தூரம் கப்பிகள் மேல் ஓடுகிறது. நடுப்பகல் வெயிலில் கம்பி நீண்டு தளர்ந்தால் கை முழுதாகச் சாயாது. அதற்காகவே நெம்புகோல் பக்கத்தில் இறுக்கும் அமைப்பு இருக்கும். கப்பிகளையும் அந்த அமைப்பையும் அகற்றிவிட்டுக் கை மரத்தை மட்டும் பூந்தோட்டத்தில் நட்டால் அது எப்படி இயங்கியது என்பதே யாருக்கும் விளங்காது. இரண்டாவது, இரவில் ஒளிரும் கண்ணாடி. போகலாம் என்பதைக் காட்டும் கண்ணாடி பழைய கைகாட்டிகளில் பச்சையல்ல, நீலம் கலந்தது. எண்ணெய் விளக்கின் மஞ்சள் சுடர் அதன் வழியே வரும்போதுதான் பச்சையாகத் தெரியும். உடைந்ததற்குப் பதிலாகக் கடையில் வாங்கிய பச்சைக் கண்ணாடியைப் போடாதீர்கள். மின்விளக்கு வைப்பதென்றால் மஞ்சள் சாயலுள்ள விளக்கை வையுங்கள்.

தண்டவாளம் தன் வரலாற்றைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. நடுத்தண்டின் பக்கவாட்டில் மேடாக எழுத்துகள் இருக்கும்: உருக்கிய ஆலையின் பெயர், ஒரு யாருக்கு எத்தனை இறாத்தல், ஆண்டு. சில ஆலைகள் மாதத்தைக் குறிக்க ஆண்டின் பக்கத்தில் சிறு கோடுகளும் போட்டன. நேரே நின்று படம் எடுத்தால் தெரியாது. டோர்ச்சைத் தண்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள்; அல்லது சோக்குத் தூளைத் தேய்த்துத் துடைத்தால் மேடு வெளிறி நிற்கும். ஓடும் பாதையில் இதைச் செய்யவேண்டாம். அனுமதியில்லாமல் பாதையில் இறங்குவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. கூரைத் தூணாகவும் வேலிக்காலாகவும் நட்டவற்றில் படித்தாலே போதும். ஆனால் அந்த ஆண்டை வைத்துக் கட்டடத்தின் வயதைச் சொல்லிவிடக்கூடாது. பிரதான பாதையில் தேய்ந்தவற்றைக் கழற்றிக் கிளைப்பாதையில் போடுவது வழக்கம். எனவே தூணில் உள்ள ஆண்டு, அந்தத் தூண் அதற்கு முன் நட்டதல்ல என்பதை மட்டுமே நிறுவும்.

இனி எது கெடுக்கிறது என்று பார்ப்போம். திருகோணமலையில் முதல் எதிரி உப்பு. திருகோணமலை ஸ்டேசன் கடலை ஒட்டி நிற்கிறது. சீனன்குடாவும் குடாவின் காற்றில்தான். வாடைக்காலத்து மழை சுவரை நனைக்கிறது, உப்பு கரைந்து உள்ளே போகிறது. கச்சான் காற்று சுவரை உலர்த்தும்போது அதே உப்பு மேற்பரப்புக்கு வந்து படிகமாகிறது. படிகம் வளரும்போது செங்கல்லின் தோலை உடைக்கிறது. சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் பூ பூத்து, கை வைத்தால் தூளாகக் கொட்டுவது இதுதான்.

இதற்கு வழக்கமாகச் செய்யும் வைத்தியம் நோயை விடக் கொடியது. சீமெந்துப் பூச்சு பூசி மேலே பிளாஸ்ரிக் பெயின்ற் அடிக்கிறார்கள். ஓராண்டு சுவர் புதிதாகத் தெரியும். உள்ளே ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். முழங்காலில் இருந்த உப்பு இடுப்புக்கு வரும். சில ஆண்டுகளில் பூச்சு செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு பாளமாக விழும். இப்படிச் சீமெந்தின் பின்னால் அரித்துப்போன செங்கல்லை மீட்க வழி கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் பழைய கட்டடம் என்றாலே சுண்ணாம்பு என்று முடிவுகட்டவும் கூடாது. 1920-களில் சீமெந்து இங்கே வழக்கத்துக்கு வந்துவிட்டது. இந்தப் பாதையின் கட்டடங்களில் ஆரம்பத்திலேயே இரண்டும் கலந்திருக்க இடமுண்டு. முதலில் சோதியுங்கள். மறைவான இடத்தில் சாந்தைக் கத்தியால் சுரண்டினால் வெண்மையாகத் தூளாகி வருவது பெரும்பாலும் சுண்ணாம்பு. அதற்குள் வெள்ளை உருண்டைகள் தெரிந்தால் சந்தேகம் குறைவு. சாம்பல் நிறமாய்க் கத்திக்கு மசியாமல் நின்றால் சீமெந்து. உப்பா என்று பார்க்க, சுவரில் கொட்டும் தூளைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வடிகட்டி, பாடசாலை இரசாயன ஆய்வுகூடத்தில் சில்வர் நைத்திரேற்றுத் துளி விடச் சொல்லுங்கள். பால்போல வெள்ளை வீழ்படிவு வந்தால் குளோரைட்டு, அதாவது கடலுப்பு.

வைத்தியத்தில் வரிசை முக்கியம். தண்ணீர் வரும் வழியை முதலில் அடைக்க வேண்டும்: உடைந்த பீலி, சுவரோரம் தேங்கும் மழைநீர், ஒழுகும் குழாய். பிறகு பிற்காலச் சீமெந்துப் பூச்சை உளியால் கவனமாக எடுங்கள். செங்கல்லோடு இறுகப் பிடித்த இடத்தில் இழுத்துப் பிய்க்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். பூத்த உப்பைக் காய்ந்த தும்புத் தூரிகையால் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீரால் கழுவினால் அது திரும்பச் சுவருக்குள் போகும். பின்னர் கடதாசிக் கூழைக் காய்ச்சி வடித்த நீரில் பிசைந்து 1 முதல் 2 சென்ரிமீற்றர் தடிப்பில் அப்புங்கள். அது காயும்போது உப்பை உறிஞ்சும். காய்ந்ததும் உரித்து எறிந்துவிட்டுப் புதிதாக அப்புங்கள். மூன்று தடவையாவது தேவைப்படும். உரித்த கூழைச் சில்வர் நைத்திரேற்றில் பார்த்து, வீழ்படிவு மங்கும்வரை செய்யலாம்.

பூசுவதற்குச் சுண்ணாம்புச் சாந்து. நீற்றும்போது தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கவசம் கட்டாயம். நீற்றியதை வெண்ணெய்ப் பதத்தில் நீருக்கடியில் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் ஊற விடுங்கள். நீறாத கட்டி ஒன்று சாந்தில் தங்கிவிட்டால் சுவரில் பூசிய பிறகு ஊதி வெடித்துக் குழி விழும். முன்பு கரையோரத்தில் முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். முருகைக்கல் எடுப்பது இன்று சட்டவிரோதம், அந்தச் சுண்ணாம்பை யார் தந்தாலும் வாங்காதீர்கள். கலவை சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. ஈரம் கூடிய அடிச்சுவருக்கு மணலில் ஒரு பங்கைக் குறைத்து, சுட்ட செங்கல்லை இடித்த தூளைச் சேர்த்தால் சாந்து ஈரத்திலும் இறுகும். மணல் ஆற்று மணலாக, கழுவியதாக இருக்க வேண்டும். கடல் மணலைப் போட்டால் எடுத்த உப்பை நாமே திரும்ப வைத்ததாகும்.

ஒரு பூச்சு 1 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். பூசுமுன் சுவரை நனைத்து, பூசிய பின் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது காயாமல் பாருங்கள். கச்சான் வீசும் மாதங்களில் பூசினால் மேற்பரப்பு ஒரே நாளில் காய்ந்து வெடிக்கும், உள்ளே இறுகாது. வாடை மழையில் பூசினால் கழுவிக்கொண்டு போகும். மாசி முதல் சித்திரை வரையான இடைவெளிதான் எங்கள் ஊருக்குத் தோதான காலம். கடைசியில் பெயின்ற்றுக்குப் பதிலாகப் பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பு, மெல்லியதாக நான்கைந்து தடவை.

உப்புக்கு அடுத்தபடியாக மேடை உயர்த்தலைச் சொல்வேன். சரளைக்கல் போடப் போட வருடக்கணக்கில் பாதை உயர்கிறது. அதற்கேற்ப மேடையையும் உயர்த்துகிறார்கள். கட்டடம் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. புதிய மேடைத் தளம், நிலத்தின் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் ஈரத்தடுப்பு வரிக்கு மேலே போய்விடுகிறது. அடித்தளக் காற்றுத் துவாரங்கள் மூடிப்போகின்றன. மழைநீர் பாதைப்பக்கம் ஓடுவதை விட்டு அறைக்குள் வருகிறது. வாசற்படி புதைந்திருந்தால் இது நடந்திருக்கிறது என்று அறியலாம். முழு மேடையையும் தாழ்த்த முடியாது. சுவரையொட்டி அரை அடி அகலத்துக்குத் தளத்தை வெட்டி, பழைய மட்டம்வரை இறக்கி, சரளை நிரப்பி வடிகான் விட்டு, மேலே கழற்றக்கூடிய கம்பித் தட்டிப் போட்டால் சுவர் திரும்ப மூச்சுவிடும். பயணிகளுக்கும் இடைஞ்சல் இல்லை.

கூரையில் கள்ளிக்கோட்டை ஓடு இருந்தால் அதைக் கழற்றி அஸ்பெஸ்ரஸோ தகடோ போட வேண்டாம். ஓட்டை விரல் மூட்டால் தட்டுங்கள்: கணீர் என்றால் நல்லது, மொத்தென்றால் உள்வெடிப்பு. ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 15 ஓடு வேண்டும். நல்ல பழைய ஓடுகளை எல்லாம் மேடைப் பக்கத்துக்குச் சேர்த்து, புதியவற்றைப் பின்பக்கத்தில் போடுங்கள். அடியில் இரண்டு வரிசையையும் ஓரங்களையும் துருப்பிடிக்காத கம்பியால் சலாகையோடு கட்டுங்கள். 1964-உம் 1978-உம் தந்த புயல்களைக் கண்ட கரை இது. ஏற்கெனவே அஸ்பெஸ்ரஸ் போட்டிருந்தால் வெட்டவோ துளைக்கவோ உடைக்கவோ கூடாது. நனைத்து, முழுத் தகடாகவே இறக்கி, உறையிட்டு அகற்ற வேண்டும். தூசு நுரையீரலுக்கு நஞ்சு.

மரத்தில் முதிரையும் பாலையும் இருந்தால் வைரம் கறையானை எதிர்க்கும். பெரும்பாலும் கறையான் பிடித்திருப்பது பிற்காலத்தில் ஒட்டுப் போட்ட மென்மரத்தை. கைமரத்தின் நுனி சுவருக்குள் உக்கியிருந்தால் முழு மரத்தையும் மாற்றாமல், உக்கிய அளவை வெட்டி அதே சாதி மரத்தால் சாய்வொட்டுப் போடலாம். ஒட்டின் நீளம் மரத்தின் ஆழத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். புதிய முதிரை தேடி அலைவதை விட இடிபட்ட வீடுகளின் பழைய மரம் மேல். கொண்டுவரும்போது போக்குவரத்து அனுமதிப்பத்திரம் எடுக்க மறக்கக்கூடாது.

இரும்புத் தூண்கள் எப்போதும் அடியில்தான் கெடும். தூணைச் சுற்றி ஊற்றிய சீமெந்துக் கழுத்து பள்ளமாக இருந்தால் தண்ணீர் அங்கே நிற்கும். துரு பல மடங்கு ஊதி அந்தக் கழுத்தையே பிளக்கும். துருவைக் கம்பித் தூரிகையாலும் சுரண்டியாலும் எடுத்து, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, உலர்ந்த அன்றே நாகம் கலந்த அடிப்பெயின்ற் அடியுங்கள். ஓரிரவு விட்டால் கடற்காற்றில் புதுத் துரு வந்துவிடும். கழுத்தைத் தண்ணீர் வழிந்தோடும் சாய்வில் திருத்துங்கள். பழைய பெயின்ற் படைகளில் ஈயம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்: உலர்வாகத் தேய்க்காமல் ஈரமாகச் சுரண்டி, தூளைச் சேர்த்தெடுத்து, முகமூடியோடு. ஒரு மூலையில் ஒவ்வொரு நிறப்படையும் தெரியும்படி படிப்படியாகச் சுரண்டிப் படமெடுத்து வைத்தால், ஸ்டேசன் எந்தக் காலத்தில் என்ன நிறத்தில் இருந்தது என்பதற்குச் சான்று கிடைக்கும்.

மதகுகளையும் பாலங்களையும் பற்றி ஒன்று மட்டும். அவை ஓடும் பாதையைத் தாங்குபவை; திருத்த வேலை முழுக்கப் பொறியியற் பிரிவினுடையது. வெளியாள் செய்யக்கூடியது, எண் தகட்டையும் கல்லில் பொறித்த ஆண்டையும் பாதைக்கு வெளியே நின்று பதிவதும், வளைவுக்குள் ஆலும் அரசும் முளைத்திருந்தால் எழுத்தில் அறிவிப்பதும்தான்.

பதிவு எல்லாத் திருத்தத்துக்கும் முந்த வேண்டும். சிறிய ஸ்டேசன் ஒன்றுக்கு 30 மீற்றர் நாடா, தூக்குக்குண்டு, மூன்று பேர் போதும். வரைபடம் 1:50, கதவு யன்னல் 1:20, மரச்சிற்பமும் விளிம்பும் 1:5. ஒவ்வொரு அறைக்கும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். நான்கு பக்கம் மட்டும் அளந்தால் அறை சதுரமா கோணலா என்பது தெரியாது, வீட்டுக்கு வந்து வரையும்போதுதான் பிழை பிடிபடும். உயரங்களை எல்லாம் ஒரே மட்டத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள். தண்டவாளத்தின் மேல்முகம் சிறந்தது, அதை ஊழியரை வைத்து எடுக்கவும். படங்களில் அளவுகோல் ஒன்று தெரியட்டும். கூடவே ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர், கடவைக் காவலாளி, பாதை திருத்திய தொழிலாளி ஆகியோரின் குரலையும் பதியுங்கள். எந்த அறையில் என்ன நடந்தது என்பதை வரைபடம் சொல்லாது.

பழைய தாள்களுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் புகையிரதப் பொது முகாமையாளரின் ஆண்டு நிர்வாக அறிக்கைகளைத் தேடலாம். நில அளவைத் திணைக்களத்தின், ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் ஓரங்குலப் படங்களில் பாதையும் நிலையங்களும் தெரியும். கட்டட வரைபடம் திணைக்களத்திடம் இருந்தால் 2016-இன் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "எல்லா ஆவணமும் தருக" என்று கேட்டால் இழுபடும். ஸ்டேசன் பெயர், எந்தக் கட்டடம், எந்த வரைபடம் என்று குறித்துக் கேளுங்கள்.

சட்டத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1940-இன் 9-ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2-ஐ எல்லையாக வைத்தது. அதற்கு முந்தியவை பழம்பொருள் என்ற தகுதியைத் தாமாகவே பெறும். புகையிரதம் முழுக்க அதற்குப் பிந்தியது. எனவே இங்கே ஒவ்வொன்றையும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்க வைத்தால்தான் சட்டக் காவல் வரும். அதுவரை, உரிமையாளரான புகையிரதத் திணைக்களம் இடிக்க நினைத்தால் தடுக்க வலுவான பிடி இல்லை. ஆகவே தொல்பொருள் திணைக்களத்துக்கு விண்ணப்பம் போகும்போதே புகையிரதத் திணைக்களத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் பிரதி போக வேண்டும். எந்தத் தொகுதி, ஏன் முக்கியம், இன்று எந்த நிலையில் இருக்கிறது, எந்த மாற்றத்தை ஏற்கலாம், எதை ஏற்கமுடியாது என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். எல்லாவற்றையும் காக்கவேண்டும் என்று எழுதும் விண்ணப்பத்தை அதிகாரி நம்பமாட்டார். கழிப்பறையை 1980-களில் கட்டியிருந்தால் அதை இடித்துப் புதிதாகக் கட்டட்டும் என்று நாமே எழுதினால் மற்றதற்கு மதிப்பு வரும்.

வடக்குப் பாதை எங்களுக்குப் பக்கத்திலேயே நிற்கும் எச்சரிக்கை. 1990-இல் வவுனியாவுக்கு அப்பால் சேவை நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பியபோது மக்கள் பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் வழியில் பழையதன் பெரும்பகுதியைப் புதிதாகவே கட்டவேண்டியிருந்தது. அங்கே போரால் போனது இங்கே திருத்த வேலை என்ற பெயரில் போகக்கூடாது.

ஸ்டேசன் ஸ்டேசனாகவே ஓடுவது மிகச் சிறந்த காவல் என்பது என் உறுதியான கருத்து. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், நல்ல கழிப்பறை, வெளிச்சம் எல்லாம் வேண்டும். அவற்றைப் பழைய சுவரில் குடையாமல் தனியாக, பிறகு கழற்றக்கூடியதாக அமைக்கலாம். வயரைச் சாந்துக்குள் புதைக்காமல் மூலையோரக் குழாயில் கொண்டுபோகலாம். சிவப்புச் சீமெந்துத் தரையின் மேல் வழுக்கும் ரைல்ஸ் ஒட்ட வேண்டாம். வெடிப்பை அதே நிறச் சாந்தால் அடைத்து மெழுகு பூசினால் இன்னும் பல காலம் நிற்கும். பயன்படாத பண்டசாலையை வாசிகசாலைக்கோ விவசாயிகளின் விற்பனைக்கோ குத்தகைக்கு விடும்போது, உள்ளே பலகைத் தடுப்பு மட்டும் வைக்கலாம், சுவர் எழுப்பக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

கடுகண்ணாவையில் 2014 டிசம்பர் 27-இல் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் திறந்திருக்கிறது. இடத்தில் வைத்துக் காக்க இயலாத சிறு பொருட்களுக்கு அது நல்ல புகலிடம். ஆனால் தராசோ டேப்ளட் கருவியோ தம்பலகாமத்தில் நின்றால் சொல்வது வேறு, மலைநாட்டில் கண்ணாடிக்குள் நின்றால் சொல்வது வேறு. கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால், கழற்றும் முன் நின்ற இடத்தில் நான்கு பக்கமும் படமெடுத்து, எந்த ஸ்டேசன், எந்த அறை, எந்தச் சுவர் என்று துணிப்பட்டியில் அழியாத மையால் எழுதிப் பொருளோடு கட்டிவிடுங்கள். அதே விபரத்தின் ஒரு பிரதி ஸ்டேசனிலும், ஒன்று மாவட்ட நூலகத்திலும், ஒன்று பொருளைப் பெற்றுக்கொள்பவரின் கையொப்பத்தோடு உங்களிடமும் இருக்கட்டும்.